கோயாசான் கோயில் விடுதி: ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம் தகுமா?

ஜப்பானில் இரண்டு மூன்று வாரம் சுற்றத் திட்டமிடுபவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா என்று பட்டியல் போட்டுவிட்டு, கோயாசான் மலையில் ஓர் இரவு தங்கலாமா என்று யோசிப்பது வழக்கம். தங்கலாம். சைவ உணவுக்காரர்கள் கட்டாயம் தங்கவேண்டும். ஆனால் மாலை ஐந்துக்குப் போய்ச் சேர்ந்து காலை ஒன்பதுக்குக் கிளம்புவதாக இருந்தால், கொடுத்த பணத்தில் பாதி வீண்.

ஒசாகாவுக்குத் தெற்கே வாகாயாமா மாநிலத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த மலையூர். குகாய் என்ற துறவி 816இல் நிறுவிய, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் தலம். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்குள்ள 117 கோயில்களில் ஐம்பது வரை யாத்ரிகர்களைத் தங்க வைக்கின்றன. இந்தக் கோயில் விடுதிகளை ஷுகுபோ என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்குப் பெரும்பாலும் 12,000 முதல் 20,000 யென் வரை ஆகும். தனிக் குளியலறை கேட்டால் இன்னும் ஏறும். தனியாகப் போகிறவருக்குச் சில கோயில்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். பணமாகத்தான் வாங்குவோம் என்கிற கோயில்களும் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

முதலில் சாப்பாடு, ஏனென்றால் இங்கே வருவதற்கு அதுவே போதுமான காரணம். ஜப்பானில் சைவர்களுக்குச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீனால் வருவதில்லை, தாஷி என்ற கொதிசாற்றால் வருகிறது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி என்று பார்வைக்குச் சைவமாக இருக்கும் பெரும்பாலானவற்றில் காய்ந்த பொனிட்டோ மீன் சீவல் கொதித்திருக்கும். “மீன் வேண்டாம்” என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவருவார்கள். கோயாசானில் ஷோஜின் எனப்படும் துறவிகளின் சைவச் சமையலில் தாஷியைக் கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷீதாகே காளானிலும் எடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எதுவும் சேராது. கேரட், முள்ளங்கி, தாமரைக் கிழங்கு உண்டு என்பதால், வேர்க் காய்களைத் தவிர்க்கும் சமணர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்லவேண்டும். மிரின், சாகே போன்ற அரிசி மதுக்களைச் சமையலில் சேர்ப்பார்கள். மது வாடையே ஆகாதென்றால் அதையும் சொல்லுங்கள்.

தட்டில் இரண்டைக் கவனித்துச் சாப்பிடுங்கள். ஒன்று கோமா தோஃபு. தோஃபு என்று பேரே தவிர சோயா கிடையாது. எள்ளை மைய அரைத்து, வடிகட்டி, குட்ஸு கிழங்கு மாவும் தண்ணீரும் சேர்த்து, அடுப்பில் கை விடாமல் கிளறி, ஆறவைத்து வெட்டுகிறார்கள். மேலே சில துளி சோயா, ஓரத்தில் கடுகளவு வசாபி. வழுக்கிக்கொண்டு இறங்கும், எள் மணம் பின்னால் வரும். இன்னொன்று கோயா தோஃபு: உறையவைத்துக் காயவைத்த தோஃபுவை மறுபடி ஊறவைத்து இனிப்பு கலந்த சாற்றில் வேகவைப்பது. பஞ்சுபோல் சாற்றைக் குடித்து நிற்கும். கடித்ததும் வாய் நிறையச் சாறு. காரம் எதிலும் இல்லை. இரண்டு வாய்க்கு எல்லாம் சப்பென்றிருக்கும், பொறுத்தால் காளானும் கடற்பாசியும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். சாப்பாட்டு நேரம் மாலை ஐந்தரை, ஆறு. தாமதமாக வந்தால் மறுபடி சூடாக்கித் தரமாட்டார்கள். கடைகளும் சீக்கிரம் மூடிவிடும், அதனால் இரவில் பசிக்கிறவர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

அறை தாதாமிப் பாய் விரித்தது. தரையில் மெத்தை, சாப்பிடப் போன நேரத்தில் அவர்களே விரித்து வைப்பார்கள். பழைய கட்டடங்களில் அறைக்கு அறை காகிதக் கதவுதான், பக்கத்து அறைக் குறட்டை கேட்கும். பூட்டு இருப்பதும் நிச்சயமில்லை. முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலி, கட்டில் உள்ள அறையைத் தேடிப் பதிவு செய்யவேண்டும். குளியல் பொதுத் தொட்டியில், ஆண் பெண் தனித்தனியாக, குறித்த நேரத்தில் மட்டும். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்கலாம். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். அறையில் ஹீட்டர் இருந்தாலும் நடைவழி சில்லென்றிருக்கும், கனமான காலுறை எடுத்துப் போங்கள்.

காலை ஆறு, ஆறரைக்கு வழிபாடு. கட்டாயமில்லை, தவறவிடவும் கூடாது. அரை மணிக்கு மேல் சூத்திரம் ஓதுவார்கள். முறை வரும்போது தூபப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றியருகே உயர்த்தித் தணலில் தூவவேண்டும்; முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். சில கோயில்களில் இதோடு கோமா வேள்வியும் நடக்கும். நம் ஹோமம் தாந்திரீக பௌத்தத்தின் வழியாகச் சீனாவைக் கடந்து இங்கே வந்து சேர்ந்த வடிவம் அது. பதிவு செய்யும்போது கோமா உள்ள கோயிலாகத் தேர்ந்தெடுங்கள். விறகுத் தீ எழும் தாளத்துக்கு முரசு முழங்குவதைக் கேட்கவேண்டும்.

ஒகுனோயின் இடுகாட்டுக்கு இரண்டு தடவை போகவேண்டும், மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. பேருந்தில் வருகிறவர்கள் ஒகுனோயின்-மாயே நிறுத்தத்தில் இறங்கிப் பாதி வழியை விட்டுவிடுகிறார்கள். இச்சினோஹாஷி பாலத்தில் தொடங்கினால் குகாயின் சமாதி வரை இரண்டு கிலோமீட்டர். வானுயர்ந்த சுகி (ஜப்பானிய தேவதாரு) மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். அடிக்கடி கண்ணில் படும் ஐந்தடுக்குக் கல்தூணை நின்று பாருங்கள்: கீழே சதுரம் நிலம், மேலே உருண்டை நீர், கூரைபோல் தீ, அரைவட்டம் காற்று, உச்சியில் மொட்டு ஆகாயம். பல கற்களில் ஒவ்வொரு அடுக்கிலும் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் ஒரு சமஸ்கிருத அட்சரம் பொறித்திருக்கும். உயிரோடிருந்தவரை ஒருவரோடொருவர் போரிட்ட பதினாறாம் நூற்றாண்டுப் படைத்தலைவர்கள் தகேதா ஷிங்கேனும் உஎசுகி கென்ஷினும் இங்கே பாதையின் இருபுறமும் இருக்கிறார்கள். கடைசியில் வரும் கோபியோ பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக்கூடாது, தொப்பியைக் கழற்றவேண்டும். குகாய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை. அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் துறவிகள் அவருக்கு உணவு சுமந்து போகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக நடந்தால் 10.30 வரிசையைப் பார்த்துவிடலாம்.

போகும் வழி: ஒசாகா நம்பா நிலையத்திலிருந்து நங்காய் கோயா ரயில், கொகுராகுபாஷியில் இறங்கிக் கேபிள் கார், மேலே பேருந்து. எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நங்காய் வேறு தனியார் நிறுவனத்தின் ரயில் என்பதால், பயணிகள் வாங்கும் ஜே.ஆர். நிறுவன ரயில் பாஸ் செல்லாது; இதைத் தெரியாமல் வருகிறவர்கள் ஏராளம். மலை நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் பேருந்துச் சாலையில் நடக்க அனுமதியில்லை. கேபிள் கார் முழுக்கப் படிக்கட்டு அமைப்பு, அதனால் பெரிய பெட்டியைத் தூக்கி வராதீர்கள். ஒசாகா ஹோட்டலிலிருந்தே தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவை மூலம் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தோள்பையோடு வாருங்கள். மதியம் ஒன்றுக்குள் மலையேறிவிட்டால் தான்ஜோ காரான் கோயில் வளாகத்தையும் தலைமைக் கோயிலான கோங்கோபுஜியின் கல் தோட்டத்தையும் ஐந்து மணிக்குள் பார்த்து முடிக்கலாம்.

அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் இலைகள் சிவக்கும்போது கூட்டம் அள்ளும். அப்போது போக நினைத்தால் சில மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், சனிக்கிழமையைத் தவிருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லமாட்டேன்: காகிதக் கதவும் இரவின் நிசப்தமும் பெற்றோருக்குத் தூக்கத்தைத் தராது.