டூப் பேஷன்ட் வைத்துப் பாடம் நடத்திய ஆறு வருடம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் மனநலப் பாடம் எடுக்கிறேன். 2019-இல் இருந்து, பிள்ளைகளை வார்டுக்கு அனுப்பும் முன் நடிப்பு நோயாளி ஒருவரோடு உட்கார்ந்து பேசப் பழக்குகிறோம். புத்தகத்தில் இதற்கு சிமுலேட்டட் பேஷன்ட் என்று பெயர். பிள்ளைகள் வாயில் டூப் பேஷன்ட். முறை ஒன்றும் புதிதல்ல. 1963-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஒரு மாடல் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்ததில் தொடங்கியது.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், ஊளம்பாறை. திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம். மற்ற மாவட்டங்களில் கீழ்ப்பாக்கம் என்று கேலி பேசுவார்கள். 1956 வரை திருவனந்தபுரத்தோடு இருந்த எங்கள் ஊரில் அந்தக் கேலிக்கு ஊளம்பாறைதான். சின்ன வயதில் இருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வார்டில் நர்ஸ் மேஜையை விட்டு நகராது. வீட்டில் இருந்து வேறு, "பாத்து நில்லு மக்களே, அடிச்சுருவாங்க" என்று போன் வரும்.

முதல் தடவை சொதப்பினோம். எங்கள் டூப் பேஷன்ட் ஒரு மகளிர் குழு அக்கா. கிறிஸ்மஸ் நாடகத்தில் வருஷா வருஷம் வேஷம் கட்டுபவர். "குரல் கேட்கும் நோயாளி" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டோம். அவர் தலையை விரித்துப் போட்டு, கண்ணை உருட்டி, சினிமாவில் பார்த்ததை அப்படியே செய்தார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் மிரண்டார்கள். அவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததைக் காசு கொடுத்துக் காட்டியதுதான் மிச்சம்.

பிறகு ஒவ்வொரு கேஸையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினோம். தூக்கம் எப்போது போனது, யாரிடம் முதலில் சொன்னாள், மந்திரவாதியிடம் எத்தனை ரூபாய் போனது, எதை மூன்றாவது முறை கேட்டால்தான் சொல்வாள் என்பது வரை. குரல் கேட்பதற்குக் கண்ணை உருட்ட வேண்டாம். பதில் சொல்லும் முன் ஒரு கணம் தாமதித்தால் போதும். அக்கா அதை அருமையாகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஆறு வருடத்தில் நான் கண்டது, நடிப்பை விட அது முடிந்த பிறகு வரும் பத்து நிமிடம்தான் வேலை செய்கிறது. ஒரு மாணவி படிவத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாக் கேள்வியும் சரியாகக் கேட்டாள். நான் முழு மார்க் போட இருந்தேன். அக்கா முகம் கழுவி வந்து உட்கார்ந்து சொன்னார்: "நல்லா பேசுன மக்களே. ஆனா எனக்குக் குரல் கேக்குன்னு சொன்னதும் நாற்காலிய ஒரு சாண் பின்னால இழுத்த. அதுக்கப்புறம் உங்கிட்ட ஒண்ணும் சொல்லத் தோணல." அவள் இழுத்தது அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. உண்மையான நோயாளி இதை யாரிடம் போய்ச் சொல்வார்?

பேச்சு வழக்கும் ஒரு பெரிய பாடமாகிவிட்டது. "உள்ள ஒரே பரவேசமா இருக்கு" என்றார் அக்கா. பதற்றம் என்று பொருள். சேலத்துப் பிள்ளை ஒருத்தி அதை ஆவேசம் என்று காதில் வாங்கி, நோயாளி மூர்க்கமாக இருக்கிறார் என்று குறிப்பு எழுதிவிட்டாள். வார்டில் இப்படி ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறினால் அடுத்த ஷிப்டும் அப்படியே நம்பும்.

தற்கொலை எண்ணத்தைக் கேட்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். கேட்டால் நாமே நினைப்பூட்டியதாகிவிடும் என்ற பயம். அது தவறான பயம். "தப்பா எதுவும் யோசிக்கீங்களா?" என்று சுற்றி வளைப்பார்கள். நேராக, "சாவணும்னு தோணுதா?" என்று கேட்க ஒருத்திக்கு நான்கு முறை ஆனது. நான்காவது முறை குரல் நடுங்கவில்லை. இதை நிஜ நோயாளியிடம் நான்கு முறை ஒத்திகை பார்க்க முடியாது.

நோயாளிக்குக் கேட்பது போன்ற குரல்களைப் பிள்ளைகளுக்கு ஹெட்போனில் ஓடவிட்டு, அதோடு ஒரு வேலை செய்யச் சொல்லும் பயிற்சியும் உண்டு. அதைத் தனியாக வைப்பதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் பாவம் என்பார்கள், கூடவே நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவார்கள். ஆய்வுகளிலும் பரிவு கூடும்போது விலகல் மனமும் கூடியதாகத்தான் வந்திருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். மருந்தால் வரும் கை நடுக்கம், உடல் விறைப்பு இதையெல்லாம் அச்சு அசலாக நடித்துக் காட்டுவது கஷ்டம், வார்டுதான் கதி. அறுபது பேர் வகுப்பில் ஒரு நாளைக்கு ஆறு பேருக்குத்தான் முறை வரும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அப்புறம், ஒக்கிப் புயலில் கணவனை இழந்த பெண்ணாக ஒருவரை நடிக்கக் கேட்டோம். அவரும் கடற்கரை ஊர்க்காரர். நடுவில் அழத் தொடங்கியவருக்கு அழுகையை நிறுத்த முடியவில்லை. தப்பு எங்களுடையது. அந்தக் கேஸைக் கிழித்துப் போட்டேன். இப்போது நடிப்பவரின் சொந்தத் துக்கத்துக்கு அருகில் போகும் கதை எதையும் கொடுப்பதில்லை. முடிந்ததும் முகம் கழுவி, சேலை மாற்றி, தன் பெயரை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

போன வருஷம் ஒரு பிள்ளை, அக்கா நடித்ததை ரகசியமாகப் போனில் எடுத்துவிட்டாள். அது எப்படியோ அவருடைய சொந்தக்காரர்கள் குரூப்புக்குப் போனது. அக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம். "அம்மைக்கு என்னாச்சு, ஊளம்பாறையில காட்டுனீங்களா?" என்று ஒரு பெரியம்மா அந்த மகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். நடிப்பு என்று சொன்ன பிறகும், "இருந்தாலும்..." என்று இழுத்தாராம்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு. வகுப்பு வாசலில் வைத்து, "எல்லாரும் போனை இதுல போடுங்க மக்களே" என்றார். என்னுடையதும் அதில்தான் கிடந்தது.