கிளாஸ்ஃபிஷ் எம்பெடட் கன்டெய்னர்: காணாமல் போன ஜாரும் முந்திக்கொண்ட ஜாரும்

ஜாவா இஇ 6-இல் எழுதிய இஜெபி பீன்களை, அதாவது சர்வரின் கன்டெய்னருக்குள் ஓடும் வகுப்புகளை, சர்வரில் ஏற்றாமல் ஜேயூனிட் என்ற சோதனைக் கருவிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க, 2009 டிசம்பரில் வந்த இஜெபி 3.1 வழி செய்தது. எழுத வேண்டியது என்னவோ ஒரே வரிதான், 'கிரியேட் இஜெபி கன்டெய்னர்'. அந்த ஒரு வரி பிழையில்லாமல் ஓடுவதற்குள் பாம் கோப்பை (எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று பில்ட் கருவியான மேவனுக்குச் சொல்லும் கோப்பு) நாலைந்து தடவை திருத்த வேண்டியிருக்கும். கிளாஸ்ஃபிஷ் சர்வரை ஒரே ஜாரில் (வகுப்புகளை அடைத்த கோப்பில்) தரும் கிளாஸ்ஃபிஷ் எம்பெடட் ஆல் 3.1.2.2-ஐ மேவனோடு நெடுநாள் புழங்கினால் ஒன்று விளங்கும். 'லைப்ரரி இல்லை' என்று தோன்றும் பிழைகளில் பல லைப்ரரி இல்லாததால் வருபவை அல்ல. உதவாத ஒரு ஜார் முன்னால் நிற்பதால் வருபவை.

முதலில், உண்மையிலேயே இல்லாத நிலை. 'நோ இஜெபி கன்டெய்னர் புரொவைடர் அவெய்லபிள்' என்று வந்தால், இடைமுகம் இருக்கிறது, அதை நிறைவேற்றும் கன்டெய்னர் கிளாஸ்பாத்தில் (ஜாவா வகுப்புகளைத் தேடும் பாதையில்) இல்லை என்று பொருள். கன்டெய்னர் ஜாரின் மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் அடைவில் இருக்கும் கோப்பைப் படித்துத்தான் ஜாவா அதைத் தேடுகிறது. எம்பெடட் ஆல் ஜாரை டெஸ்ட் ஸ்கோப்பில் (சோதனைக்கு மட்டும் என்று) சேர்த்தால் தீர்ந்தது. 3.1.2 முதல் குரூப் ஐடியில் (மேவன் ஜாரைத் தேடும் குழுப் பெயரில்) 'மெயின்' என்ற சொல் நுழைந்துவிட்டது. பழைய குரூப் ஐடியோடு புதிய பதிப்பு எண்ணைப் போட்டால் மேவனுக்கு ஜார் கிடைக்காது.

இணையம் இல்லாத பில்ட் இயந்திரங்களில் சிலர் 'ஸ்டாட்டிக் ஷெல்' ஜாரை மட்டும் நகலெடுத்து வைப்பார்கள். அது வெறும் கூடு. உள்ளே இருப்பது, நிறுவப்பட்ட கிளாஸ்ஃபிஷின் மாட்யூல்ஸ் அடைவைக் காட்டும் மேனிஃபெஸ்ட் வரிகள்தான். இடம் மாற்றினால் ஒரு வகுப்பும் அகப்படாது. நிறுவிய இடத்திலேயே விட்டு, அந்தப் பாதையைக் கொடுக்க வேண்டும்.

இனி, அதிக நேரத்தை விழுங்குவது. 'கிளாஸ் ஃபார்மேட் எரர்: ஆப்சென்ட் கோட் ஆட்ரிபியூட்' என்று தொடங்கி, வேலிடேஷன் பேக்கேஜில் பேட்டர்னின் 'ஃபிளாக்' என்றோ ஜாவா மெயிலில் ஒரு வகுப்பு என்றோ பெயர் சொல்லி முடியும். பெயரைப் பார்த்துவிட்டு மெயில் ஜாரைத் தேடி ஓடுவது வீண் அலைச்சல். குற்றவாளி ஜாவா இஇ ஏபிஐ 6.0 ஜார். கம்பைல் செய்வதற்கு மட்டும் என்று வெளியிட்ட ஜார் அது. மெத்தட்களின் பெயர் இருக்கும், உடல் இருக்காது. கம்பைலருக்கு அது போதும், வகுப்பை ஏற்றி ஓட்டும் ஜேவிஎம்முக்குப் போதாது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. இடைமுகங்களுக்கும் சாதாரண அனோட்டேஷன்களுக்கும் உடலே தேவையில்லை. அதனால் '@ஸ்டேட்லெஸ்', '@இன்ஜெக்ட்' போட்ட பீனை மொக்கிட்டோ (போலிப் பொருள்களைச் செய்து தரும் கருவி) வைத்துச் சோதிக்கும்வரை எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஒரு 'ஈனம்' (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் கொண்ட வகுப்பு) ஏறும்போதோ, யாரோ ஓரிடத்தில் 'இஜெபி எக்ஸெப்ஷன்' வீசும்போதோதான் உடையும். நேற்றுவரை ஓடிய டெஸ்ட் இன்று விழுந்ததற்கு நேற்றைய கமிட்டைத் திட்டிப் பயனில்லை.

தீர்வு எளிது: பாமில் எம்பெடட் ஆல் டிபென்டென்சியை ஜாவா இஇ ஏபிஐக்கு மேலே எழுதுங்கள். மேவன் 2.0.9-இலிருந்து பாமில் எழுதிய வரிசையே கிளாஸ்பாத் வரிசை. முழு உடலோடு உள்ள வகுப்பு முதலில் அகப்பட்டால் ஜேவிஎம் அடுத்ததைத் தேடிப் போகாது. ஏபிஐ ஜார் பேரன்ட் பாமிலிருந்து வருகிறது என்றால் 'எஃபெக்டிவ் பாம்' எடுத்து, கடைசியில் எது மேலே நிற்கிறது என்று பாருங்கள். மேவனில் ஓடி எக்லிப்ஸ் எடிட்டரில் மட்டும் விழுந்தால், பில்ட் பாத்தில் சர்வர் லைப்ரரி மேவன் டிபென்டென்சிகளுக்கு முன்னால் இருக்கிறதா என்று சரிபாருங்கள். வரிசையை நம்பி வாழப் பிடிக்காதவர்கள் ஏபிஐ ஜாரையே தூக்கிவிட்டு, ஜேபாஸ் வெளியிட்ட முழு உடல் கொண்ட ஸ்பெக் ஜார்களைப் போடலாம். இரண்டில் இதுதான் உறுதியான வழி. புதிதாகச் சேர்பவர் பாமை அழகாக அகரவரிசைப்படுத்தினாலும் உடையாது.

வரிசை மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. எம்பெடட் ஆல் என்பது ஜெர்சி, எக்லிப்ஸ்லிங்க், வெல்ட் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் கொட்டிக் கலந்தது. அதை முதலில் நிறுத்தினால், நீங்கள் வேறு பதிப்பு ஜெர்சி வைத்திருந்தாலும் அதன் ஜெர்சிதான் ஏறும். 'நோ சச் மெத்தட் எரர்' வரும். டிபென்டென்சி ட்ரீயில் ஒன்றும் தெரியாது, எக்ஸ்குளூஷனும் வேலை செய்யாது. அவை தனி டிபென்டென்சிகளாக இல்லாமல் ஜாரின் வயிற்றுக்குள் கிடப்பவை ஆயிற்றே. எந்த வகுப்பு எந்த ஜாரிலிருந்து ஏறியது என்பதை ஜேவிஎம்மிடமே கேட்க வேண்டும். 'வெர்போஸ் கிளாஸ்' கொடியை, டெஸ்டுகளை ஓட்டும் மேவன் செருகியான ஷ்யூர்ஃபயரின் 'ஆர்க் லைன்' பகுதியில் கொடுங்கள். மேவனுக்கான சூழல் மாறியில் கொடுத்தால் பயனில்லை, டெஸ்ட் ஓடுவது தனியாகக் கிளைத்த ஜேவிஎம்மில். வரும் பதிவை ஒரு கோப்பில் பிடித்து, பிழையில் உள்ள வகுப்பின் பெயரைத் தேடினால் ஒரு நிமிட வேலை.

லைப்ரரிக் குறை போலத் தோன்றி, ஆனால் அதில்லாத இரண்டு. வார் (வெப் செயலி) ப்ராஜெக்டில் 'பீன்ஸ் எக்ஸ்எம்எல்' கோப்பு வெப்-இன்ஃப் அடைவில் இருக்கும். டெஸ்ட் பார்ப்பதோ டார்கெட் கிளாஸஸ் அடைவை. கோப்பு அங்கே இல்லாததால் சிடிஐ (தேவையான பொருள்களைத் தானே செருகும் வசதி) விழிப்பதே இல்லை, இன்ஜெக்ட் செய்த இடமெல்லாம் 'நல்' (வெற்று மதிப்பு). மெட்டா-இன்ஃப் அடைவிலும் ஒரு பிரதி வையுங்கள். அடுத்தது ஜேஎன்டிஐ பெயர், அதாவது பீனைத் தேடிப் பிடிக்கும் பெயர். மாட்யூலாக டார்கெட் கிளாஸஸை மட்டும் கொடுத்தால் பெயர் 'ஜாவா குளோபல், கிளாஸஸ், பீன் பெயர்' என்று அமையும். ஒன்றும் கொடுக்காவிட்டால் கன்டெய்னர் கிளாஸ்பாத் முழுவதையும் துழாவும். வேறொரு இஜெபி ஜாரும் அகப்பட்டால் நடுவில் 'இஜெபி ஆப்' என்று ஒன்று செருகிக்கொள்ளும், தேடல் தோற்கும். மாட்யூலை எப்போதும் கையால் கொடுப்பதே நல்லது, கன்டெய்னர் எழும் நேரமும் குறையும்.

ஜேடிகேயை (ஜாவா உருவாக்கத் தொகுப்பை) புதிய பதிப்புக்கு ஏற்றும்போது பழைய வலி புதிய பெயரில் வரும். 3.1.2.2 ஜாவா 6, 7 காலத்தது. ஜாவா 8-க்குப் போவதென்றால் கிளாஸ்ஃபிஷ் 4.1 வேண்டும். ஜாவா 11-இல் ஜேஏஎக்ஸ்பி (எக்ஸ்எம்எல் பைண்டிங்), ஆக்டிவேஷன், பொது அனோட்டேஷன்கள் எல்லாம் ஜேடிகேயிலிருந்தே நீக்கப்பட்டன. அங்கே வரும் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' உண்மையாகவே இல்லாததுதான், ஜாரைச் சேர்த்தே ஆக வேண்டும். 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9 (ஜாவா இஇ-யின் வாரிசு) பேக்கேஜ் பெயரையே 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாற்றிவிட்டதால், சேர்க்கும் ஜார் எந்தப் பக்கத்தது என்று பார்த்துச் சேர்க்கவும்.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய ப்ராஜெக்டுக்கு இந்தக் கன்டெய்னர் போதும். புதிதாகத் தொடங்குபவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். வைத்துக்கொள்வதென்றால், கன்டெய்னர் டெஸ்டுகளின் பெயரை 'ஐடி' என்று முடித்து ஃபெயில்சேஃபிடம் (ஒருங்கிணைப்புச் சோதனைகளை ஓட்டும் மேவன் செருகி) தள்ளுங்கள். கன்டெய்னரை வகுப்புக்கு ஒருமுறை எழுப்பி, 'ஆஃப்டர் கிளாஸ்' மெத்தடில் மூடுங்கள். மூட மறந்தால் அதே ஜேவிஎம்மில் அடுத்த வகுப்பு இரண்டாவது கன்டெய்னரை எழுப்பப் போய் முட்டிக்கொள்ளும்.