‘முதல் பதிப்பு’ என்று விற்கப்படும் ஸ்கேன் நகல்கள்: கார் பந்தய வரலாற்று நூல் வாங்குவோர் கவனத்துக்கு

"1950களில் வந்த கிராண்ட் பிரி வரலாறு, முதல் பதிப்பு, நல்ல நிலையில்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினால், பார்சலில் வந்தது ஸ்கேன் எடுத்து அச்சடித்த நகல். விளம்பரத்தில் இருந்தது மேலுறையின் படம் ஒன்றுதான், அதுவும் வேறு யாரிடமோ உள்ள அசல் பிரதியுடையது. விற்றவரைக் கேட்டால், "உள்ளே இருப்பது அதே புத்தகம்தானே, ஓர் எழுத்துகூட மாறவில்லை" என்கிறார். பணம் திரும்பவில்லை. இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

எழுத்து மாறவில்லை, சரி. காணாமல் போனவை நிறைய. பின்னிணைப்பில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வரைபடம் இருக்கிறது. சுமார் 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள வடக்குச் சுற்றை ஒரே பக்கத்தில் அடக்க முடியாது என்பதால், அசலில் அது மடித்து வைத்த தாள். பிரித்தால் பக்கத்தைப் போல மூன்று மடங்கு விரியும். ஸ்கேன் செய்தவர் மடிப்பைப் பிரிக்கவே இல்லை. மேலே தெரிந்த மடிப்பு மட்டும் பதிவாகியிருக்கிறது. அந்தச் சுற்றில் வரும் கருசெல் என்ற வளைவுக்கு வருமுன் தாள் முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் மடிப்பின் வெற்று முதுகு. பந்தய நூல்களில் மடிப்புத் தாளில்தான் சுற்று வரைபடமும் இயந்திரக் குறுக்குவெட்டுப் படமும் இருக்கும். அது போனால் பாதி நூல் போன மாதிரி.

அடுத்து புகைப்படங்கள். அந்தக் காலத்து அச்சில் படம் என்பது நுண்ணிய புள்ளிகளின் வரிசை. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். புள்ளிகளால் ஆன படத்தை ஸ்கேன் செய்து, மறுபடி புள்ளிகளாக அச்சடித்தால் இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று மோதி, தண்ணீர் அலை மாதிரி ஒரு கோலம் படத்தின் மேல் படியும். இந்த நகலில் கம்பிச் சக்கரங்கள் எல்லாம் சாம்பல் தட்டாகிவிட்டன. ஒரு கம்பிகூடத் தெரியவில்லை. காரின் எண்ணையும் மூக்கின் வடிவத்தையும் வைத்து எந்தப் பந்தயம், எந்த கார் என்று அடையாளம் காண்பவர்களுக்கு இந்தப் படங்களால் பயனே இல்லை.

நகல் என்று கண்டுபிடிக்க லென்ஸ்கூட வேண்டியதில்லை. புத்தகத்தை மூடி, முதுகின் மேல்முனையைப் பாருங்கள். நூலால் தைத்த பழைய கட்டில் தாள்கட்டுகள் தனித்தனி வளைவாகத் தெரியும். நகலில் வெட்டி ஒட்டிய தாள்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கடைசி வெற்றுப் பக்கத்தின் அடியில் சின்ன பார்கோடும் அச்சிட்ட தேதியும் இருந்தால், அது ஆர்டர் வந்த பிறகு அச்சடித்தது. 1950களின் நூலில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இருக்கவே முடியாது. 13 இலக்க ஐஎஸ்பிஎன் 2007 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அதே பார்சலில் வந்த இன்னொன்று, "முழுமையான ஃபார்முலா 1 வரலாறு" என்ற புது நூல். தாள் பிரமாதம். உள்ளே இருப்பது எங்கிருந்தோ அள்ளிக் கொட்டிய சரக்கு. 1964 ஓட்டுநர் பட்டியலில் கிரஹாம் ஹில் 41 புள்ளி, ஜான் சர்ட்டீஸ் 40 புள்ளி, ஆனால் சாம்பியன் சர்ட்டீஸ். ஏன் என்று ஒரு வரி இல்லை. அந்த ஆண்டு ஒருவரின் சிறந்த 6 முடிவுகளே கணக்கில் சேரும். அதனால் ஹில்லுக்கு 39தான். இந்த விதி தெரியாமல் கூட்டிப் போட்டால் இப்படித்தான் ஆகும். 1988லும் இதே கோளாறு: பிராஸ்ட் மொத்தம் 105, சென்னா 94, சிறந்த 11 முடிவுகளை எடுத்தால் 87க்கு 90 என்று சென்னா ஜெயித்தார். 1952, 1953 உலகப் போட்டியின் கிராண்ட் பிரிகள், ஃபார்முலா 1க்கு அடுத்த நிலையான ஃபார்முலா 2 விதிப்படி நடந்தவை என்பதும் நூலில் இல்லை. உயரமான பின்னிறக்கை (காரின் பின்பக்கம் இறக்கை போலப் பொருத்தும் பலகை) வைத்த காருக்கு "1966" என்று படக்குறிப்பு! உலகப் போட்டிப் பந்தயத்தில் பின்னிறக்கை வந்தது 1968 பெல்ஜிய கிராண்ட் பிரியில். புது நூல் வாங்குமுன் மாதிரிப் பக்கங்களில் இந்த ஆண்டுகளை மட்டும் பார்த்தாலே எழுதியவரின் தரம் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் பிரதி என்றால் இன்னும் உஷார். பந்தய வீரர் ஜிம் கிளார்க் இறந்தது 1968 ஏப்ரல் 7. அதற்குப் பிறகு அச்சான நூலில் அவர் கையெழுத்து எப்படி வரும்?

பணம் கட்டுமுன் விற்பவரிடம் படங்கள் கேளுங்கள். பதிப்பு விவரப் பக்கம், முதுகின் மேல்முனை, கடைசிப் பக்கத்தின் அடி, முழுக்க விரித்த மடிப்புத் தாள், ஏதாவது ஒரு புகைப்படத்தின் மிக நெருக்கமான படம். கூடவே, உங்கள் பெயரும் தேதியும் எழுதிய துண்டுச் சீட்டைப் புத்தகத்தின் மேல் வைத்து ஒரு படம். வேறொருவர் பிரதியின் படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. அசல் பிரதியாகவே இருந்தாலும் முன்பக்கத்துப் படப் பட்டியலை வைத்து படத்தாள்களை எண்ணச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பதற்காக நல்ல படங்களை பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, மிச்சத்தைப் புத்தகம் என்று விற்பவர்களும் உண்டு. அறுத்த இடத்தில் தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்குத் தாளின் அடி நிற்கும்.