டாக்பேக் திரைவாசிப்பான்: சென்னிமலைக் கடை ஒன்றில் தமிழ்க் குரலோடு

சென்னிமலையில் போர்வைக் கடை நடத்தும் என் தாய்மாமா, கண்ணழுத்த நோயால் பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்துவிட்டார். கடைக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் பிறர் கையை எதிர்பாராமல் அவரே கவனித்துக்கொள்ள என்ன வழி என்று தேடியபோது, தனிக்கருவி எதையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது தெரிந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானைத்தான் அவர் இப்போது நாள் முழுவதும் பயன்படுத்துகிறார்.

2009 முதல் இருந்துவரும் இந்த வசதியை அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் இயக்கலாம். திரையில் விரலை வைத்து நகர்த்தினால் விரலுக்குக் கீழே இருப்பது என்ன என்று குரல் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும், இடப்பக்கம் தள்ளினால் முந்தியதற்குத் திரும்பும். வேண்டியது கிடைத்ததும் திரையின் எந்த இடத்திலும் இருமுறை தட்டினால் அது திறக்கும். ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது என்பதால் கண் தெரிந்தவர்கள் இதைக் கையில் எடுத்தவுடன் தடுமாறுகிறார்கள். ஒலியளவுப் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தி இதை நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் குறுக்குவழி அமைத்துக்கொண்டால், குடும்பத்தில் பலர் எடுக்கும் கைப்பேசியிலும் சிக்கல் இராது.

தமிழ்க் குரல் தெளிவாக இருக்கிறது. வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தறிச் சத்தம் ஓயாத ஊரில் ஒரு காதில் இயர்போன் கட்டாயம் வேண்டும். கணக்கு இருப்பு விவரம் அடுத்தவர் காதில் விழாமலிருக்கவும் அதுவே நல்லது. இதோடு, திரையில் எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதியும் டாக்பேக் பட்டியலில் உண்டு. கல்லாவுக்கு எதிரே வாடிக்கையாளர்கள் நிற்கும்போது மாமாவுக்கு மிகவும் பயன்படுவது இதுதான். எழுதுவதுதான் சற்றுக் கடினம். ன, ண, ந மூன்றையும் காதால் மட்டும் பிரித்தறிவது யாருக்கும் எளிதன்று என்பதால், அவர் குரல்வழித் தட்டச்சையே பெரும்பாலும் நாடுகிறார்.

ரொக்கத்துக்கு, ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்னும் செயலி உதவுகிறது. இணையம் இல்லாமலேயே கேமராவில் காட்டிய நோட்டின் மதிப்பைச் சொல்லிவிடும். கள்ள நோட்டா என்பதை மட்டும் அது சொல்லாது.

இவ்வளவு நன்மைகளும் ஒரு வங்கிச் செயலிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டன. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். பணம் அனுப்பும் திரையில் வரிசையாக நான்கு படங்கள் இருக்கின்றன. கண்ணுக்கு அவை தெளிவானவை. மாமா விரலைத் தள்ளத் தள்ள, "பட்டன்", "பட்டன்" என்று குரல் வெறுமனே சொல்லிக்கொண்டு போனது. "கண்ணு, இது என்ன பட்டன்னே சொல்ல மாட்டீங்குது, பாரு" என்றார். உள்நுழையும் இடத்தில் படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் சோதனை. அதற்கு ஒலி மாற்று இல்லை. அதைத் தாண்டினாலும், ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நகர்பவருக்குப் போதாத நேரத்தில் செயலி தானே வெளியேறிவிடுகிறது.

இது டாக்பேக்கின் குறையன்று. ஒரு படப் பட்டனுக்குப் பின்னால் செயலியை உருவாக்குபவர் ஒரு விளக்கச் சொல்லை எழுதி வைத்திருந்தால் அதைத்தான் திரைவாசிப்பான் படிக்கும்; அவர் எழுதாதபோது அதற்குப் படிக்க ஒன்றும் இல்லை. "பணம் அனுப்பு" என்ற இரண்டு சொற்களை ஒரு வரியில் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு எவ்வளவு? அந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விட்டதால், முப்பது ஆண்டுகளாகத் தன் கணக்கைத் தானே பார்த்த ஒரு வியாபாரி தன் ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொல்ல நேர்கிறது. இதை என்னால் சிறிய குறையாக எண்ண முடியவில்லை. பெயரற்ற சில பட்டன்களுக்குப் பயனரே பெயர் சூட்டும் வசதியை டாக்பேக் தருகிறது, நாங்களும் சூட்டினோம். ஆனால் பட்டன் எதுவென்று கண் தெரிந்த ஒருவர் முதலில் சொன்னால்தான் அது இயலும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர் சரிபார்ப்பைச் செய்ய முடியாத அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. எனவே, வங்கியிடம் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

எந்தத் திரையில் எத்தனையாவது பட்டன் பெயரின்றி இருக்கிறது என்பதை மாமாவே குரல்வழித் தட்டச்சில் சொல்லி, வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். அது சரியாகும் வரை, எல்லாப் பட்டன்களும் பேசும் வேறொரு யுபிஐ செயலியில் பணம் அனுப்புகிறார். வீட்டில் உள்ளவர்களுக்காகச் செயலி தேர்ந்தெடுப்போர், டாக்பேக்கை இயக்கித் திரையை மறைத்துவிட்டு, ஒரு ரூபாயை யாருக்காவது அனுப்பி முடிக்க முடிகிறதா என்று முதலில் தாங்களே பார்த்துவிட வேண்டும்.