முல்லரா, எர்வின் குழுவா?

2016 அதிபர் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டையும் டிரம்ப் பிரசாரக் குழுவோடு அதற்கு இருந்த தொடர்பையும் விசாரிக்க ராபர்ட் முல்லர் 2017 மே மாதம் சிறப்பு வழக்கறிஞரானதும், அமெரிக்காவில் பலர் அவரை ஒரு மீட்பராகவே பார்க்கத் தொடங்கினார்கள். அவர் படம் போட்ட மெழுகுவர்த்திகள்கூட விற்பனைக்கு வந்தன. எனக்கு அந்தப் பக்தியில் அப்போதே உடன்பாடில்லை. முல்லர் திறமையானவர்தான்; 34 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றம் சாட்டக் கூடாது என்பது அமெரிக்க நீதி அமைச்சகத்தின் பழைய நிலைப்பாடு. அதற்குக் கட்டுப்பட்டவரிடம் மக்கள் கேட்டதோ அதிபரின் வீழ்ச்சி! 2019 மார்ச்சில் முல்லரின் அறிக்கை அந்த அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தலைவரான வில்லியம் பார் நான்கு பக்கக் கடிதத்தில் அதன் சாரத்தைச் சொன்னார். சில பகுதிகளைக் கறுப்பு மையால் மறைத்த 448 பக்கங்கள் ஏப்ரலில் வெளிவருவதற்குள் பொதுக் கருத்து பெரும்பாலும் உறைந்துவிட்டது.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை அதிபர் நிக்சன் தரப்பு மூடிமறைத்ததுதான் வாட்டர்கேட் விவகாரம்; 1973இல் நடந்த அதன் விசாரணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம் எர்வின் தலைமையிலான செனட் குழு தொலைக்காட்சியிலேயே சாட்சிகளை விசாரித்தது. வெள்ளை மாளிகையில் அதிபரின் உரையாடல்களைப் பதிவுசெய்த ஒலிப்பதிவு நாடாக்கள் இருக்கின்றன என்று அவருடைய முன்னாள் உதவியாளர் பட்டர்ஃபீல்ட் சொன்னதை நாடே நேரில் கேட்டது. சரி, அப்போதும் சிறப்பு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நாடாக்களுக்காக நீதிமன்றத்தில் போராடியவர்களும் அவர்களே. ஆனால் மக்கள் பிரதிநிதிகள் தங்கள் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டில் எது என்று கேட்டால், திறந்த விசாரணையையே நான் தேர்ந்தெடுப்பேன். கூச்சலும் கட்சிச் சண்டையும் அதில் அதிகம்தான். ஆனாலும் சாட்சி என்ன சொன்னார் என்பதைக் குடிமக்கள் யாருடைய சுருக்கத்தையும் நம்பாமல் தாங்களே கேட்கலாம்.