மாகுலா துளை: வாயுவா, சிலிக்கான் எண்ணெயா?

ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ள முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, விழித்திரைத் தமனி ஓரிடத்தில் புடைத்து ஒருநாள் வெடித்துவிடுவது உண்டு. பீறிடும் ரத்தம் விழித்திரைக்கு முன்னும் பின்னும் தேங்கும். சிலருக்கு, கூர்மையான பார்வை தரும் விழித்திரை மையமான மாகுலாவின் நடுவைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து துளையும் போட்டுவிடும். ரத்தம் மறைத்திருப்பதால் அந்தத் துளை விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனில் தெரியாமல், அறுவை நடக்கும்போது தெரியவருவதும் உண்டு.

முதல் பாதி வேலையில் பெரிய விவாதம் இல்லை. விட்ரெக்டமி என்ற அறுவையில் கண்ணின் கூழையும் ரத்தத்தையும் அகற்றுவார்கள். சாயமிட்டு விழித்திரையின் உள் எல்லைச் சவ்வை உரிப்பார்கள். 1991இல் கண் மருத்துவர்கள் கெல்லியும் வெண்டெலும் 52 கண்களில் விட்ரெக்டமி செய்து 58 விழுக்காட்டில் துளையை மூடிக் காட்டினார்கள். இன்று வயதால் வரும் துளைகளில் பத்துக்கு ஒன்பது மூடுகின்றன. ரத்தக்கசிவால் வந்த துளைக்கு அந்த எண்ணை அப்படியே எதிர்பார்ப்பது சரியல்ல.

துளையை அழுத்தி மூடவைக்கக் காலியான கண்ணில் எதை நிரப்புவது என்பதில்தான் வழி பிரிகிறது.

வாயு என்றால் எஸ்எஃப்6 அல்லது சி3எஃப்8. முன்னது சுமார் இரண்டு வாரம் தங்கும், பின்னது ஏறக்குறைய இரண்டு மாதம். இரண்டும் தாமாகவே கரைந்துபோகும். எடுப்பதற்கு இன்னொரு அறுவை வேண்டாம். மாகுலா கண்ணின் பின்புறம் இருக்கிறது, குமிழி மேலே மிதக்கும் என்பதால் சில நாள் முகத்தைக் கவிழ்த்தே இருக்கச் சொல்வார்கள். முதுகுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவருக்கு இது தண்டனைதான். குமிழி சுருங்கும்வரை பார்வையும் மங்கல். வாயு முழுதும் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் குமிழி விரிந்து கண் அழுத்தம் எகிறும். மலைப்பாதைக்கும் இதே விதி. கோவையில் அறுவை செய்துகொண்டு, 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டிக்கு மறுநாளே பஸ் ஏறுவது ஆபத்து. ஊர் மலையில் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது. வேறு அறுவைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தாலும் கண்ணில் வாயு இருப்பதைச் சொல்ல வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடு அதை உப்பவைக்கும்.

சிலிக்கான் எண்ணெய்க்கு இந்தத் தடைகள் இல்லை. பயணம் செய்யலாம், மங்கலாகவாவது உடனே தெரியும். ஆனால் அது கரையாது. சில மாதம் கழித்து இரண்டாவது அறுவையில் எடுத்தாக வேண்டும். அதுவரை கண்ணாடிப் பவர் மாறிக் கிடக்கும். நாளானால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிக் கண் அழுத்தத்தையும் ஏற்றும். மாகுலாவை அழுத்தும் வலுவும் வாயுவைவிடக் குறைவு. கண்புரை இரண்டிலும் வரும், அதை வைத்துத் தேர்வு செய்ய முடியாது.

என் கணக்கில் முதல் அறுவைக்கு வாயுதான். கவிழ்ந்திருக்கவே முடியாதவர், மற்றக் கண்ணில் பார்வை இல்லாதவர், ஒருமுறை செய்தும் மூடாதவர் ஆகியோருக்கு எண்ணெய் பொருந்தும். தனியாக வாழும் முதியவரையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

துளை 400 மைக்ரானைத் தாண்டினால், சவ்வை முழுதாக உரித்தெறியாமல் துளைமேல் மடித்துவிடும் முறை உண்டு. போலந்தின் கண் மருத்துவர் மிகலெவ்ஸ்கா 2010இல் வெளியிட்டது. சவ்வின் அடியில் ரத்தம் தேங்கிய கண்ணில் அது ஏற்கெனவே பிரிந்து நிற்பதால் மடிப்பது எளிதாகலாம்.

துளை மூடிவிட்டது என்றால் எழுத்து தெரியும் என்று பொருளல்ல. விழித்திரைக்குப் பின்னால் தேங்கிய ரத்தத்தின் இரும்பு ஒளியுணர் செல்களை அரிக்கும். ஆகவே வாயுவா எண்ணெயா என்று கேட்கும்போதே, ரத்தம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.