கூகுள் அனலிடிக்ஸா, சர்ச் கன்சோலா, கிளாரிட்டியா? சின்னக் கடைக்கு எது முதலில்

மாதம் 400 பேர் வந்துபோகும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்தை வைத்துக்கொள்வோம். கடலை, எள், தேங்காய் என்று மூன்று எண்ணெய், 1 லிட்டர் பாட்டில், 5 லிட்டர் கேன். ஆர்டரில் பாதி வாட்ஸ்அப்பில் வருகிறது, கொஞ்சம் போனில். தளத்திலேயே பணம் கட்டி வாங்குபவர்கள் மாதம் எட்டுப் பேர். தளத்துக்கு யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அளக்க இந்தக் கடைக்கு எந்தக் கருவி என்று கேட்டால், கேட்ட மாத்திரத்தில் கூகுள் அனலிடிக்ஸ் 4 என்றுதான் பதில் வரும். விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கிற கடையானால் அந்தப் பதில் சரி. செலவழிக்காத கடையானால் அது மூன்றாவதாக வரவேண்டிய கருவி; சர்ச் கன்சோலும் கிளாரிட்டியும் அதற்கு முன்னால்.

சர்ச் கன்சோலும் அனலிடிக்ஸும்

இரண்டும் கூகுளுடையவை, இரண்டும் இலவசம். அனலிடிக்ஸ் காட்டுவது தளத்துக்குள் வந்தவர் என்ன செய்தார் என்பதை. சர்ச் கன்சோல் காட்டுவது வராமல் போனவரையும் சேர்த்து: கூகுளில் என்ன தட்டச்சு செய்தார்கள், தேடல் முடிவில் நம் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது (இதுதான் இம்ப்ரஷன்), எத்தனை பேர் கிளிக் செய்தார்கள். புது வாடிக்கையாளர் தேடும் சின்னக் கடைக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது. சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவும் கிடைக்கும்.

பயன்படுத்தும் முறை எளிது. செயல்திறன் அறிக்கையில் 3 மாதத்தைத் தேர்ந்தெடுத்து, சராசரி இடம் (தேடல் முடிவில் நம் பக்கம் எத்தனையாவதாக நிற்கிறது) என்பதையும் டிக் செய்யுங்கள். கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களை வடிகட்டியில் விலக்கிவிடுங்கள். அவர்கள் எப்படியும் வருவார்கள். மிச்சத்தை இம்ப்ரஷன் வரிசையில் அடுக்கி, 8 முதல் 20 வரையான இடத்தில் நிற்கும் தேடல்களை மட்டும் பாருங்கள். ‘மரச்செக்கு கடலெண்ணெய் 5 லிட்டர் விலை’ என்ற மாதிரியான தேடலுக்கு நிறைய இம்ப்ரஷன், கிளிக் மட்டும் இல்லை என்றால், பக்கத்தின் தலைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே ‘பிரீமியம் கோல்டு பிரஸ்டு கிரவுண்ட்நட் ஆயில்’ என்று மட்டும் இருக்கும். செக்கு என்ற சொல் இல்லை, லிட்டர் இல்லை, விலை இல்லை. ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதித் தேடுகிறார்கள் என்பதும் இந்தப் பட்டியலில்தான் தெரியவரும்.

தலைப்பை மாற்றியபின் 28 நாள் விட்டு, முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டில் ஒன்றுக்குள் தீபாவளி விழுந்தால் ஒப்பீடு வீண். பலகாரம் சுடுகிற மாதத்தில் எண்ணெய் தன்னால் விற்கும். இன்னொன்று: மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். பட்டியலைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தம் வராது. அது பிழையல்ல.

அனலிடிக்ஸ் 4: போட்டுவிட்டால் போதாது

இதன் உண்மையான பலம் கூகுள் விளம்பரக் கணக்கோடு இணைவதில் இருக்கிறது. எந்த விளம்பரம் ஆர்டர் தந்தது என்று சொல்வதோடு, அந்தத் தகவலை விளம்பரத்துக்கே திருப்பி அனுப்பி விளம்பர இடத்துக்கு நாம் கேட்கும் ஏலத்தொகையைச் சரிசெய்யவும் வைக்கும். மற்றபடி, நிறுவியபடியே விட்டால் நம் ஊர்க் கடைகளுக்கு இது தவறான படத்தைத்தான் காட்டும்.

10 விநாடிக்குமேல் நீடித்த, அல்லது இரண்டு பக்கம் பார்த்த, அல்லது ‘கீ ஈவென்ட்’ (நாம் முக்கியம் என்று குறித்துவைத்த செயல்) ஒன்று நடந்த வருகையைத்தான் இது ஈடுபாடுள்ள வருகை என்று கணக்கிடும். மிச்சமெல்லாம் பவுன்ஸ், அதாவது வந்ததும் திரும்பிப்போன வருகை. ஒருவர் தளத்தைத் திறந்து, எட்டாவது விநாடியில் போன் நம்பரைத் தட்டி, இரண்டு கேன் ஆர்டர் சொல்லிவிடுகிறார். உங்கள் நல்ல வாடிக்கையாளர் அவர். அறிக்கையிலோ வந்த வேகத்தில் ஓடிப்போனவர். காரணம், போன் இணைப்பைத் தட்டுவது தானாகப் பதிவாவதில்லை. கூகுளின் டேக் மேனேஜர் என்ற துணைக் கருவியில் இணைப்புக் கிளிக் ட்ரிக்கர் (எப்போது பதிவு செய்வது என்ற விதி) ஒன்றை உருவாக்கி, கிளிக் முகவரி ‘டெல்’ (tel:) என்று தொடங்கினால் ஒரு ஈவென்ட் அனுப்பும்படி வைத்து, அதைக் கீ ஈவென்டாகக் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பு வெளித்தளக் கிளிக்காகத் தானே பதிவாகும். ஆனால் அதையும் தனி ஈவென்டாகப் பிரித்துக் குறித்தால்தான் கணக்கில் ஏறும்.

அடுத்த குழி பணம் கட்டும் இடம். வாடிக்கையாளர் பேமென்ட் கேட்வேயின் (பணம் வாங்கித்தரும் சேவையின்) பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது, விற்பனையைக் கொண்டுவந்தது அந்த கேட்வேதான் என்று அறிக்கை சொல்லும். அனலிடிக்ஸின் டேட்டா ஸ்ட்ரீம் (தளத்தின் தரவு வரும் வழி) அமைப்பில், வேண்டாத ரெஃபரல் (வேறு தளம் அனுப்பிய வருகை) பட்டியலில் அதன் டொமைனைச் சேர்த்தால் சரியாகும். யுபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டுத் தளத்துக்குத் திரும்பாமலே போகிறவர்களை இது பிடிக்காது. பணம் கட்டியபின் வரும் நன்றிப் பக்கம் திறக்காததால் அந்த விற்பனை பதிவாகாது. ஆகவே வருமானக் கணக்குக்கு அனலிடிக்ஸை நம்பாதீர்கள், கேட்வே அறிக்கையை எடுங்கள்.

விரிவான தரவைச் சேமிக்கும் காலம் நிறுவும்போது 2 மாதம் என்றே இருக்கும். முதல் நாளே 14 மாதமாக மாற்றிவிடுங்கள். அழிந்தது திரும்ப வராது. இன்ஸ்டா பயோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், நோட்டீஸில் அச்சிடும் க்யூஆர் ஒவ்வொன்றுக்கும் தனி யுடிஎம் இணைப்பு (எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறியை முகவரியின் கடைசியில் சேர்த்த இணைப்பு) வையுங்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள், பெரிய எழுத்து கலந்தால் இரண்டு மூலங்களாகப் பிரிந்து நிற்கும். யுடிஎம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு பெரும்பாலும் ‘டைரக்ட்’ (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்கள்) என்ற மூட்டையில் போய் விழும்.

கிளாரிட்டி: எண்ணாமல் பார்ப்பது

மைக்ரோசாஃப்டின் கிளாரிட்டியும் இலவசம். வந்தவரின் விரல் எங்கே தட்டியது, எதுவரை உருட்டினார் என்பதைப் படம்போல ஓட்டிக் காட்டும். மாதம் 400 பேர் வரும் தளத்துக்கு எந்த வரைபடத்தையும்விட இது உதவும். மொபைல், பொருள் பக்கம், ‘டெட் கிளிக்’ (தட்டியும் எதுவும் நடக்காதது) என்று மூன்று வடிகட்டி போட்டு 20 பதிவுகளை மட்டும் பாருங்கள். பெரிதாகுமென்று கேன் படத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பது, மிதக்கும் வாட்ஸ்அப் பட்டன் ‘கார்ட்’ பட்டனை மறைத்து நிற்பது, கூரியர் கட்டணம் தெரிந்த நொடியில் வெளியேறுவது எல்லாம் கண்முன் நடக்கும். பதிவுகள் பொதுவாக 30 நாள்தான் இருக்கும். தேவையானதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுப் பெட்டியில் எழுதுவதும் எண்களும் தானாக மறைக்கப்படும். ஆனால் நன்றிப் பக்கத்தில் வெறும் எழுத்தாக வரும் பெயர், முகவரி மறையாது. அந்தப் பகுதியைத் தனியே மறைக்கும்படி அமைக்க வேண்டும்.

மட்டோமோவும் பிளாசிபிளும்

அனலிடிக்ஸுக்கு மாற்றாக இன்னும் இரண்டு கருவிகள் உண்டு. மட்டோமோவை நம் சர்வரிலேயே நிறுவலாம், தரவு முழுக்க நம்முடையது. சர்வரில் பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இருந்தால் ஓடும். ஹீட்மேப் (எங்கே அதிகம் தட்டினார்கள் என்ற நிறப்படம்), ஃபனல் (வாங்கும் வழியில் எந்தப் படியில் நின்றார்கள் என்ற அறிக்கை) போன்றவை காசுக்குத்தான். அறிக்கை தயாரிப்பதைக் கிரான் வேலையாக (சர்வர் குறித்த நேரத்தில் தானே செய்யும் வேலையாக) வைக்காமல் விட்டால், அறிக்கையைத் திறக்கும்போதெல்லாம் பல தளங்கள் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் மூச்சுத்திணறும், கூடவே கடைத் தளமும் திணறும். சர்வரைக் கவனிக்க ஆள் இல்லாத கடை இந்தப் பக்கம் வரவேண்டாம்.

பிளாசிபிளுக்கு மாதக் கட்டணம் உண்டு. குக்கி (வந்தவரை அடையாளம் காண அவர் உலாவியில் வைக்கும் சிறு கோப்பு) வைக்காது, ஒரே பக்கத்தில் எல்லாம் தெரியும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு விற்கும் கடைக்கு அந்த குக்கி விஷயம் பெரிய நிம்மதி. ஆனால் வருகையாளரின் அடையாளத்தை அது தினமும் மாற்றிவிடும். திங்கள் பார்த்துவிட்டு வியாழன் வாங்கியவர் அதற்கு இரண்டு பேர். மாதாமாதம் திரும்பி வரும் வாடிக்கையை நம்பி ஓடும் எண்ணெய்க் கடைக்கு இது சின்னக் குறையல்ல.

எட்டு ஆர்டரும் பதினொன்றும்

எந்தக் கருவியாக இருந்தாலும் சின்ன எண் சின்ன எண்தான். போன மாதம் 8, இந்த மாதம் 11 ஆர்டர் என்றால் பேனர் நிறத்தை மாற்றியது வேலை செய்தது என்று துள்ள வேண்டாம். இப்படிப்பட்ட சின்ன எண் தற்செயலாகவே தன் வர்க்கமூலம் அளவுக்கு ஏறி இறங்கும். 8இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3. எதையுமே தொடாவிட்டாலும் 5க்கும் 11க்கும் நடுவே ஆடுவது இயல்பு. ஒரே வாரத்துக்கு நாலு கருவி நாலு எண் சொல்வதும் அப்படித்தான்: விளம்பரத் தடுப்பான், குக்கி, வருகையை வரையறுக்கும் விதம் எல்லாம் வேறு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பாதி ஆர்டருக்கு இவை எதுவும் முழு விடை தராது. அதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி உண்டு. வாட்ஸ்அப் இணைப்பிலேயே செய்தியை முன்கூட்டி எழுதி வைக்கலாம். கடலெண்ணெய்ப் பக்கத்து பட்டனில் ‘கடலெண்ணெய் 5 லிட்டர் வேண்டும் – த1’, இன்ஸ்டா பயோவில் ‘– இ1’, நோட்டீஸ் க்யூஆரில் ‘– நோ1’. சிலர் அழித்துவிட்டு அனுப்புவார்கள், பலர் அப்படியே அனுப்புவார்கள். மாதக் கடைசியில் சாட்டில் ‘இ1’ என்று தேடி எண்ணி, எதிரே எத்தனை ஆர்டர் ஆனது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.